பலாலி: சம தூரமும் சமமற்ற நேரமும்

1

பலாலி ஓடுபாதையிலிருந்து கொழும்பு இரத்மலானைக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அதே பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஏறத்தாழ 354 கிலோமீற்றர். தேசப்படத்தை விரித்து அடிமட்டம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விடயமும் தெரியவரும். இந்த மூன்று விமானத்தளங்களும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி, தெற்கு வடக்காக, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் கிடக்கின்றன. பலாலி அந்தக் கோட்டின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியை எடுத்துக்கொண்டால் தூரம் இன்னும் குறைவு. ஏறத்தாழ 185 கிலோமீற்றர் மட்டுமே.

பூகோளம் தருகிற கணக்கு இவ்வளவுதான். யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பும் சென்னையும் ஏறக்குறைய சம தூரம். இந்தச் சமதூரத்தின் மீது நமது அரசியற் கற்பனைகள் எத்தனையோ கட்டப்பட்டிருக்கின்றன. வடக்கே பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களும், தெற்கே பார்த்து உத்தியோகம் தேடியவர்களும், இரண்டையும் நம்பாதவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். ஆனால் தூரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு நேரத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. ஒரு விமானம் இந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் 1947 இலிருந்து இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒரு மனிதர் இதே தூரத்தைக் கடக்க எடுத்த நேரமோ ஒன்றரை மணித்தியாலத்திலிருந்து பல நாட்கள், பல ஆண்டுகள், சிலருக்கு ஒருபோதும் இல்லை என்ற அளவுக்கு மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் யார், அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

இரத்மலானையே இலங்கையின் முதலாவது விமான நிலையம். 1935 நவம்பரில் அங்கு முதன்முதலாகத் தரையிறங்கிய சிறு விமானம் மெட்ராஸிலிருந்து வந்தது. பலாலித் தளம் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரித்தானிய வான்படையின் தேவைக்காக, செம்மண் தோட்டக் காணிகளின் நடுவே அமைக்கப்பட்டது. ஆக, பலாலி பிறந்ததே ஒரு இராணுவத் தளமாகத்தான். பயணிகள் அங்கு பின்னர் வந்தவர்கள்.

1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தனது முதலாவது சேவையைத் தொடங்கியது. டக்கோட்டா விமானம் ஒன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ் சென்றது. நாட்டின் தேசிய விமான சேவை பறந்த முதற்பாதை நாம் மேலே கண்ட அந்த நேர்கோடுதான். டக்கோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் பலாலியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒன்றரை மணித்தியாலம். இன்று பறக்கும் ஏ.ரி.ஆர். 72 ரக விமானம் அதைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகமானது. எனினும் இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வேகத்தால் மிச்சமாவது அரை மணித்தியாலமும் இல்லை எனலாம்.

விமானப் பாதை திறந்த அதே காலத்தில் வேறொரு பாதை மூடப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை நமது நினைவுக் குறிப்புகள் சேர்த்துச் சொல்வதில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமான குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நீரிணையாக இருந்த பாக்கு நீரிணை கடவுச்சீட்டும் விசாவும் கேட்கிற எல்லையாயிற்று. ஆகாயத்தில் ஒன்றரை மணித்தியாலம் என்று விளம்பரம் செய்யப்பட்ட தூரம் கடலில் 'சட்டவிரோதம்' ஆனது. வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு 60 கிலோமீற்றர்தான். காலங்காலமாகப் பாய்க்கப்பல் ஓடிய அந்த வழியே வந்தவர் 'கள்ளத்தோணி' ஆனார். பின்னர் அச்சொல் மலையகத் தமிழர் முழுவதையும் குறிக்கும் வசைச்சொல்லாக விரிந்தது. அதை வசையாகப் பயன்படுத்தியோர் சிங்களவர் மட்டுமல்ல என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பலாலியிலிருந்து திருச்சிக்கும் மெட்ராஸுக்கும் பறந்த கதைகள் நம் வீடுகளில் இன்னமும் சொல்லப்படுகின்றன. கலியாணக் கூறைக்குப் போய் வந்தது, கச்சேரி கேட்கப் போனது, காலையில் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பியது என்று. இவற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைவிட முக்கியமானது, இவை யாருடைய கதைகள் என்பது. பெரும்பாலும் உத்தியோகத்தவரும் வர்த்தகரும் காணிக்காரருமான மேட்டுக்குடியின் கதைகள் இவை. ஓடுபாதையைச் சுற்றி வெங்காயமும் புகையிலையும் நட்டவர்கள் விமானத்தின் அடிவயிற்றைத்தான் பார்த்தார்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அவர்களில் எவருக்கும் டக்கோட்டாவில் ஆசனம் ஒதுக்கப்படவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் என்று அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். ஒரே நீரிணை, ஒரே மொழி, ஒரே ஆண்டுகள். ஒருவருக்கு அது சேலை வாங்கப் போகும் தூரம். மற்றவருக்கு அது பிறந்த மண்ணுக்குத் திரும்பி வர முடியாத தூரம்.

யுத்தத்துக்கு முந்திய 'பொற்காலம்' பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. பாதை திறந்திருந்த காலத்திலும் எல்லோருக்கும் அது ஒரே அளவில் திறந்திருக்கவில்லை.

3

1978 செப்டெம்பர் 7, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பயணிகள் இறங்கியிருந்தனர், உயிர்ச்சேதம் இல்லை. எயார் சிலோனும் அதன்பின் நீடிக்கவில்லை. 1979 இல் எயார் லங்கா அதன் இடத்துக்கு வந்தது. இந்தத் தாக்குதலை ஒரு 'சாதனை'யாகவும் 'சதி'யாகவும் எழுதிய இரு தரப்பாரும் ஒரு விடயத்தைக் கவனிக்கத் தவறினர். சிவிலியன்கள் பயணம் செய்யும் விமானம் ஒரு இலக்காகலாம் என்பது அந்த நாளில்தான் நமது அரசியலில் நுழைந்தது.

எண்பதுகளில் பலாலி தனது பிறப்பின் நோக்கத்துக்கே திரும்பியது. யுத்தம் தொடங்கிய பின் அது படைமுகாமாக வளர்ந்தது. 1987 யூன் 4 அன்று இந்திய வான்படையின் ஐந்து அன்ரனோவ் 32 விமானங்கள், போர் விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளை வீசின. யூலை இறுதியில் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இந்தியப் படைகள் பலாலியில் வந்திறங்கின. அதற்குச் சில நாட்கள் முன் டில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த பிரபாகரன் ஓகஸ்ட் 2 அன்று இந்திய விமானத்திலேயே பலாலியில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். சாதாரணப் பயணிக்கு மூடிக் கிடந்த அதே ஆகாயம், அரசுகள் விரும்பிய கணத்தில் திறந்தது. படையினருக்கும் தலைவருக்கும் பாதை இருந்தது. நோயாளிக்கும் மாணவருக்கும் இருக்கவில்லை.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் தரைவழியும் அற்றுப்போனது. 1956 இலிருந்து ஓடிய யாழ்தேவி அந்த மாதத்தோடு நின்றது. 330 கிலோமீற்றர் என்பது இப்போது கிளாலிக் கடலேரியின் இரவு ஓட்டமாக மாறியது. வள்ளங்கள் கடற்படையின் சூட்டுக்குத் தப்பி அக்கரை சேர வேண்டும். 1993 சனவரியில் அந்த நீரேரியில் பயணிகள் கடற்படையினரால் கொல்லப்பட்டனர். பிறகு வன்னிக் காடு, வவுனியாச் சோதனைச் சாவடி, விசாரணை, கொழும்பு விடுதிகளில் சுற்றிவளைப்பு. ஒன்றரை மணித்தியாலப் பயணம் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீண்டது. இங்கு வந்து சேர்ந்துள்ள நம்மிற் பலர் இந்த வழியால் வந்தவர்கள்தான். ஆகையால் இதை மேலும் விபரிக்கத் தேவையில்லை.

4

ஆனால் விபரிக்க வேண்டிய வேறொன்று உண்டு. பயணத்தின் நேரத்தை நீட்டியது அரசு மட்டுமா?

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் 'பாஸ்' வேண்டியிருந்தது. பிணை நிற்க ஆள் வேண்டும். இளைஞர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கிளாலியில் கடற்படைக்குப் பயந்து இருந்த இரவுக்கு முன்னால், பாஸ் அலுவலகத்தின் வாங்கில் காத்திருந்த பகல்கள் இருந்தன. அந்தப் பகல்கள் நமது வரலாற்றெழுத்தில் எங்கே? 1995 டிசெம்பரில் யாழ் நகர் அரசபடையிடம் வீழ்ந்த பின் 'பாஸ்' மறைந்துவிடவில்லை. அதைக் கொடுக்கும் கை மாறியது. கப்பலுக்கும் விமானத்துக்கும் இராணுவத்தின் அனுமதி பெற வேண்டியதாயிற்று. ஒரு சமூகத்தின் நடமாட்டத்தை அனுமதிச்சீட்டால் ஆளலாம் என்பதில் இரு தரப்பும் உடன்பட்டிருந்தன.

இதைவிடக் கொடிய கணக்கொன்று உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்களுக்கு வெளியேறுவதற்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். ஒரு விமானப் பயணத்துக்குப் பெட்டி அடுக்குவதற்குக்கூடப் போதாத நேரம். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு துரத்தப்பட்டனர். புத்தளம் அகதிமுகாம்களிலிருந்து சோனகத் தெரு வரையான தூரம் அவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயணமாயிற்று. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 இன் அதே ஒக்டோபர் 30 இல், வலிகாமத்தின் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் புறப்பட வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி பதினாறு கிலோமீற்றர் அளவுதான். நாவற்குழிப் பாலத்தடியில் நெருக்குண்டு, முதியவர்களைச் சுமந்து, மழையில் நனைந்து, அந்தத் தூரத்தை ஓர் இரவும் ஒரு பகலுமாகக் கடந்தவர்கள் உள்ளனர். இரண்டாவது நாளைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். முதலாவதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களும் வசை வாங்கினார்கள்.

இனி விமானத்துக்கே வருவோம். 1998 செப்டெம்பர் 29 அன்று, லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் 24 விமானம் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். புறப்பட்டுப் பத்து நிமிட அளவில் தொடர்பு அறுந்தது. விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்று விடுதலைப் புலிகள் மீது குற்றம் சாட்டப்பட்டது. படையினரை ஏற்றிச் செல்லக் கூடாது என்று விமான நிறுவனங்களுக்கு அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. விமானத்தில் இருந்தவர்களோ கொழும்புக்கு அலுவலாகப் போன யாழ்ப்பாணத்துச் சனங்கள். தரைவழி இல்லாததாலும் கப்பல் நம்பமுடியாததாலும் கடன்பட்டு ரிக்கற் எடுத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

அந்த விமானத்தின் பாகங்கள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012 ஒக்டோபரில். 2014 தொடக்கத்தில், மீட்கப்பட்ட உடுப்புகளும் பொருட்களும் அடையாளம் காட்டுவதற்காக யாழ்ப்பாணத்தில் உறவினர்முன் வைக்கப்பட்டன. ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் முடிய வேண்டிய பயணம் ஒரு சட்டையாகவும் ஒரு செருப்பாகவும் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஊருக்கே திரும்பி வந்தது. புகலிடத்தில் நாம் எத்தனையோ நினைவுநாட்களை அனுட்டிக்கிறோம். இந்த 55 பேருக்கு எந்த மண்டபத்தில் விளக்கேற்றினோம்? கொன்றவர் யார் என்பதைப் பொறுத்தே கொல்லப்பட்டவரின் மதிப்புத் தீர்மானிக்கப்படும் வரை, நமது வரலாறு ஒரு தரப்பின் பற்றுவரவுக் கணக்காகவே இருக்கும்.

5

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. யுத்தம் முடியும்வரை குடாநாடு மறுபடி ஆகாயத்தையும் கடலையும் நம்பியிருந்தது. மறுபடி அனுமதிச்சீட்டு, மறுபடி வரிசை. 2009 மேயின் பின் வீதியும், 2014 இல் யாழ்ப்பாணம் வரை ரயிலும் வந்தன. ஆனால் வடக்குப் பக்கம் மூடியே கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போக விரும்பியவர் தெற்கே 400 கிலோமீற்றர் வீதியால் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானமேறி, ஏறத்தாழ 640 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டும். அந்தப் பறப்பில் அவர் தான் புறப்பட்ட அதே அகலக்கோட்டை மீண்டும் கடப்பார். 354 கிலோமீற்றருக்குப் பதிலாக 1,040, மூன்று மடங்கு. ஒரு நாட்டின் எல்லாப் பாதைகளும் தலைநகரூடாகவே போக வேண்டும் என்ற ஒற்றையாட்சியின் தர்க்கத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடப்புத்தகம் இல்லை.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' எனப் பெயர் சூட்டித் திறக்கப்பட்டது. நவம்பர் 11 இல் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவை வந்தது. 1947 இன் அந்த நேர்கோட்டின் வடபாதி ஒருவாறு திரும்பக் கிடைத்தது.

இதில் மகிழ்ச்சி அடைய நியாயம் உண்டு. பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சென்னை வழியாகச் சென்று, கொழும்பைத் தொடாமலே ஊரில் இறங்குவது நம்மிற் பலருக்கு வெறும் வசதி மட்டுமல்ல. கட்டுநாயக்காவில் கைகள் நடுங்கக் கடவுச்சீட்டை நீட்டியவர்களுக்கு அது புரியும். ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் அப்படி இறங்குவது ஐரோப்பிய, கனேடியக் கடவுச்சீட்டுகளோடு. 1983 இலிருந்து வள்ளத்தில் தமிழ்நாடு சென்று, அங்கு முகாம்களிலேயே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது அதே ஓடுபாதைதான். 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு முதியவர் பலாலியில் இறங்கியபோது கைதுசெய்யப்பட்டார். உயிர் தப்ப அவர் நாட்டை விட்டுப் போனபோது உரிய அனுமதியின்றிப் போனாராம். மேலே பார்த்த அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மணித்தியாலச் சொச்சம் பறந்து வந்த மனிதரின் முன் வந்து நின்றது. கண்டனம் எழுந்து பின்னர் அவர் பிணையில் விடப்பட்டார். ஆனால் முகாமில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

6

கடைசியாக, இக்கட்டுரையில் வரும் தூரங்களில் மிகக் குறுகியது.

1990 யூனில் பலாலி முகாமைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் சனங்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி, வசாவிளான், மயிலிட்டி, கட்டுவன், தையிட்டி, ஊறணி, காங்கேசன்துறை என்று ஒரு முழுப் பிரதேசமே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. தீவின் முக்கிய மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி மூடப்பட்டது. அது திறக்கப்பட்டது 2017 இல். யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013 இல், 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. ஆனால் எல்லாம் விடப்படவில்லை. வசாவிளான்-பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: காலை ஆறிலிருந்து மாலை ஐந்துவரை மட்டும், வாகனத்தில் மட்டும், நடக்கக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சொந்தக் கிராமத்தினூடாகப் போகலாம், இறங்கக் கூடாது. ஏறக்குறைய விமானத்தில் போவது போலத்தான்.

மல்லாகத்திலும் தெல்லிப்பழைப் பக்கத்திலும் இருந்த முகாம்களிலிருந்து இந்தக் கிராமங்கள் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. சைக்கிளில் போனால் முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலப் பயணத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்ய முடியாமல் இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். முகாமில் பிறந்து, முகாமிலேயே கலியாணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

இனிப் பெரிய விமானங்கள் வர வேண்டும், ஓடுபாதை நீள வேண்டும் என்ற கோரிக்கை வலுக்கிறது. புகலிடத் தமிழர் மத்தியில் அதற்கு ஆதரவும் அதிகம். நேரடியாக வந்திறங்கலாம், நேரம் மிச்சம் என்கிறோம். ஓடுபாதை நீள்வதென்றால் அது யாரோ ஒருவருடைய தோட்டத்தினூடாகத்தான் நீளும். இந்தக் கோரிக்கையை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விமான நிலையம் வேண்டும். வடக்கே திறந்த வாசல் வேண்டும். ஆனால் அதை அரசிடம் கேட்பதற்கு முன் காணிக்காரரிடம் கேட்க வேண்டும். எத்தனை ஏக்கர், யாருடையது, என்ன இழப்பீடு, மாற்றுக் காணி எங்கே, படைமுகாமின் தேவைக்கு எவ்வளவு, பயணிகளின் தேவைக்கு எவ்வளவு என்பவை வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். விமான நிலையத்தின் பெயரால் முகாம் விரிவது நமது கைதட்டலோடு நடந்துவிடக் கூடாது.

நமது பயணத்தில் மிச்சமாகும் சில மணித்தியாலங்கள் மல்லாகத்துச் சனத்தின் இன்னொரு பத்தாண்டிலிருந்து எடுக்கப்படுமானால், அந்த ரிக்கற்றின் உண்மை விலை என்ன? இது பற்றி வாசகர்கள், குறிப்பாக வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள், எழுத வேண்டும். விவாதம் அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.